முழங்கையில் இரு மூட்டுக்கள்

30 ஆண்டுகள் மாணவர்களுக்கு உடற்கூறு கற்பித்தவன் நான். மூட்டுக்களின் வகைகளை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவேன். ஆயினும் சென்ற பொங்கலன்று, இரண்டு வயதுப் பேத்தியின் மணிக்கட்டுகளைப் பற்றி ஊஞ்சல்போல் ஆட்டியபோது அந்தக் கல்வி எனக்குத் துணைவரவில்லை. குழந்தை வீரிட்டழுதாள். அழுகை ஓய்ந்த பின்னும் இடக்கை அசைவின்றித் தொங்கிற்று. எதைக் கொடுத்தாலும் வலக்கையாலேயே வாங்கினாள்.

நேர்ந்தது இன்னதென்று விளங்க, மூட்டுக்களைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். எலும்புகள் கூடுமிடம் மூட்டு. கூடுமிடமெல்லாம் அசைவு உண்டென்பதில்லை. வளர்ந்தவர் மண்டையோட்டில் எலும்புகள் இரம்பப் பற்களைப்போல் ஒன்றோடொன்று கோத்து அசையாது நிற்கின்றன. முதுகெலும்பின் கணுக்கள், இடையிலுள்ள குருத்தெலும்பு வட்டுக்களின்மீது சிறிதளவே அசைகின்றன. கைகால்களிலோ தாராளமாக அசையும் மூட்டுக்கள். அங்கே எலும்பு முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு. சுற்றிலும் ஓர் உறை. உள்ளே முட்டை வெண்கருவை ஒத்த நீர்.

இவற்றின் உட்பிரிவுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறப்பார்கள். எலும்பின் வடிவமே அசைவை வகுக்கிறது என்று கண்டுகொண்டால் மனப்பாடம் வேண்டுவதில்லை. தோளில், பந்து போன்ற எலும்புத்தலை ஆழமில்லாத கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. ஆகவே கை எத்திசையிலும் சுழலும். எளிதில் நழுவவும் செய்யும். இடுப்பும் அதே வகைதான். ஆனால் கிண்ணம் ஆழமானது. அதனால் உறுதி மிகுதி, சுழற்சி குறைவு. கட்டைவிரலின் அடியிலோ குதிரைச் சேணம் போல் வளைந்த பரப்பு. நாம் ஊசியும் எழுதுகோலும் பிடிப்பது அதன் தயவால்.

முழங்கையில் ஒரே உறைக்குள் இருவகை மூட்டுக்கள் குடியிருக்கின்றன. ஒன்று, கதவின் கீலைப்போல் மடங்கி நீள்வது. மற்றொன்று, கட்டைவிரற் பக்கத்து முன்கை எலும்பின் தலை ஒரு நார்வளையத்துக்குள் முளைபோல் சுழல்வது. உள்ளங்கையைக் கவிழ்த்து மலர்த்திப் பாருங்கள்; அந்த எலும்பு சுழல்வதை மறுகையின் விரலால் தொட்டுணரலாம்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவ்வளையத்தின் பிடிப்பு தளர்ச்சியானது. கையைப் பிடித்து இழுத்தால் எலும்புத்தலை சற்றே நழுவ, வளையத்தின் ஓரம் மூட்டினுள் சிக்கிக்கொள்ளும். என் பேத்திக்கும் அதுவே நேர்ந்தது. எண்ணெய் தடவி நீவலாம் என்றார் வீட்டில் ஒருவர். எலும்பு முறிந்திருந்தாலும் கை இவ்வாறே தொங்கக்கூடும். ஆகையால் தொடவேண்டாமென்று தடுத்து மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் முறிவில்லை என்று தெளிந்த பின், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி முழங்கையை மடக்கினார். மெல்லியதொரு சொடுக்கு கேட்டது. சில நிமிடங்களில் அதே இடக்கையால் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பறிக்கப் பார்த்தாள்.

ஒருமுறை நழுவிய மூட்டு மறுமுறையும் நழுவலாம் என்று எச்சரித்தே அனுப்பினார். அன்றுமுதல் அவளை அக்குளில் கைகொடுத்தே தூக்குகிறேன். அவளோ இரு மணிக்கட்டுகளையும் என்முன் நீட்டி, ஊஞ்சல் வேண்டுமென்று இன்றும் அடம்பிடிக்கிறாள்.