ஓடியே மாறிய தேரை

1935-இல் ஹவாய்த் தீவிலிருந்து கரும்புத் தேரைகள் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கப்பலேறி வந்தன. எண்ணிக்கை 100-க்குச் சற்றே கூடுதல். கரும்பு வேரைத் தின்னும் வண்டுப்புழுக்களை ஒழிப்பதுதான் அவற்றுக்கு இட்ட வேலை. ஆனால் புழுக்கள் மண்ணுக்குள் கிடந்தன. வண்டுகளோ கரும்பின் உச்சியில் இருந்தன. இரண்டுமே தேரைக்கு எட்டவில்லை. ஒரே ஈட்டில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் தேரைதான் பெருகியது.

இவற்றின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. அங்கிருந்து கரீபியத் தீவுகள், பிறகு ஹவாய், கடைசியாக ஆஸ்திரேலியா. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் ஒரு சிறு கூட்டமே போனதால், மூதாதைகளிடம் இருந்த மரபணு வகைகள் பல வழியிலேயே விடுபட்டன. இதை 'நிறுவனர் விளைவு' என்பார்கள். இன்று கோடிக்கணக்கில் பெருகியிருந்தாலும், ஆஸ்திரேலியத் தேரைகளின் மரபணு வேறுபாடு குறைவுதான்.

வேறுபாடு குறைந்த இனம் புதுச் சூழலில் தடுமாறும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் பரவிய தேரைப்படை, பின்னர் 50 கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்தது!

டார்வின் நகருக்கு அருகே சிட்னி பல்கலைக்கழகத்தின் ரிக் ஷைன் குழுவினர் ஆராய்ந்தபோது, முதலில் வந்து சேர்ந்த தேரைகளின் கால்கள் பின்னால் வந்தவற்றைவிட நீண்டிருந்தன. மாரத்தான் ஓட்டத்தில் வேகக்காரர்கள் முன்னணியில் ஒன்றுசேர்வது போல, வேகமான தேரைகள் பரவல் எல்லையில் சேர்கின்றன. அக்கம்பக்கத்தில் இருப்பவையும் வேகமானவையே என்பதால் அவற்றோடுதான் இணை சேர முடியும். தலைமுறைதோறும் வேகம் தரும் மரபணுக்கள் முனையில் திரள்கின்றன. முனைத் தேரைகளின் குஞ்சுகளை ஒரே சூழலில் மற்றவற்றோடு வளர்த்துப் பார்த்தபோதும் அவையே அதிக தூரம் சென்றன. ஆகவே இந்த வேகம் வழிவழியாக வருவது.

இதற்கு விலையும் உண்டு. முனையில் உள்ள பெரிய தேரைகள் சிலவற்றுக்கு முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி காணப்படுகிறது. தேரைகளின் உடலில் நஞ்சும் உண்டு; அதற்கு விலை கொடுப்பவை மற்ற உயிர்கள்: தேரையைத் தின்ற வடக்குக் குவோல் என்னும் சிறு ஊனுண்ணி பல இடங்களில் அருகிவிட்டது.

வேகத்தின் இந்த மரபியலையே தேரைகளுக்கு எதிரான ஆயுதமாக்கும் யோசனை 2016-இல் வெளியானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி, பில்பாரா பகுதிகளுக்கு இடையிலான வறண்ட குறுகிய நிலத்தைத் தேரைகள் கடக்க, கால்நடைகளுக்காக அமைத்த நீர்நிலைகளே உதவும். அவற்றைத் தேரை எட்டாதபடி அடைத்து, குவீன்ஸ்லாந்தின் மெதுவான தேரைகளை முனைக்கு முன்பே அங்கே குடியேற்ற வேண்டும் என்பது திட்டம். அவை இடத்தைப் பிடித்து, வரும் ஓட்டக்காரத் தேரைகளோடு கலந்தால் வேக மரபணுக்கள் நீர்த்துப்போகும். தடையைத் தாண்டும் வாய்ப்பும் குறையும்.