ஷூ டப்பாவுக்குள்ள அடங்கணும், அவ்ளோதான் விதி

வீட்ல காலி ஷூ டப்பா இருந்தா எடுத்து முன்னாடி வெச்சுக்கோங்க. அதுக்குள்ள அடங்குற மாதிரி ஒரு சிற்பம் செய்யணும். கல், கம்பி, துணி, எதுல வேணா செய்யலாம். 1982-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் இந்த ஒரே விதியை வெச்சு ஒரு சர்வதேசக் கண்காட்சியைத் தொடங்கியது. அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அது தொடர்ந்தது. ஹவாயில் முடிஞ்சதும் சிற்பங்கள் வேற ஊர்களுக்குக் கிளம்பிடும்.

நடுக்கடல் தீவுக்குப் பல நாட்டுச் சிற்பங்களை வரவழைக்கணும்னா, இதைவிட எளிய வழி என்ன இருக்கு? ஆளுயரச் சிலைன்னா கிரேன், கன்டெய்னர், இன்சூரன்ஸ். டப்பான்னா பார்சல்.

முதல்ல நான் இதெல்லாம் பெரிய சிற்பத்தோட தம்ப்நெயில்னுதான் நினைச்சேன். தப்பு. எல்லா அளவையும் பாதியாக்கினா எடை பாதியாகாது, எட்டுல ஒரு பங்காகிடும். பெரிய சிலையில் நீட்டின கைக்கு உள்ளே இரும்புக் கம்பி கொடுக்கணும். சின்னதுல மெல்லிய கம்பியே தாங்கும். பார்க்கிறவங்களும் மாறிடறாங்க. அண்ணாந்து பார்க்காம குனிஞ்சு, மூக்கு இடிக்கிற தூரத்துல பார்க்கிறோம். களிமண்ணுல சிற்பியோட விரல் ரேகைகூடத் தெரியும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஆள் அலெக்சாண்டர் கால்டர். நம்ம ஜாதிதான், 1919-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவர். (அப்பவே டிகிரி ஒண்ணு, வேலை ஒண்ணு!) 1946-ல் பாரிஸ்ல நடந்த கண்காட்சிக்கு, அமெரிக்கத் தபால் துறை அனுமதிக்கிற பார்சல் அளவுக்குள்ள அடங்குற மாதிரி, கழட்டி மாட்டக்கூடிய சிற்பங்களைச் செஞ்சார். தபால் விதியே டிசைன் ஸ்பெக் ஆயிடுச்சு. 1955-ல் கிரா சாராபாய் அழைப்புல அகமதாபாத் வந்து, அங்கேயே உட்கார்ந்தும் சிற்பங்கள் செஞ்சிருக்கார்.

ஆனா யோசிச்சுப் பாருங்க, பயணத்துக்குன்னே சிற்பம் செய்யறது நமக்குப் புதுசா? மூலவர் கல், நகரமாட்டார். உற்சவர் வெண்கலம், தெருவுக்கு வருவார். எழும்பூர் மியூசியம் போனா சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளோட முகத்தை விட்டுட்டுப் பீடத்தைப் பாருங்க. துளையோ வளையமோ இருக்கும். தண்டு கோத்து, கட்டித் தூக்கறதுக்காக. கோயிலுக்குள்ள வர முடியாதவங்களும் வாசல்லயே சாமியைப் பார்த்தாங்க.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். வெள்ளானூர்ல இருந்து எழும்பூர் மியூசியம் போக, ஆவடிக்கு பஸ், சென்ட்ரலுக்கு ட்ரெயின், அப்புறம் ஆட்டோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. எங்க தெருப் பசங்க பலபேர் ஸ்கூல் டூர்ல ஒரு தடவை போனதோட சரி. நகரம் இந்தப் பக்கம் அபார்ட்மென்டா வந்துக்கிட்டே இருக்கு, கேலரியா வரலை. பெரிய மியூசியம் கட்டுங்கன்னு கேட்டா நடக்காதுன்னு எனக்கும் தெரியும்.

டப்பா அளவுல ஐம்பது சிற்பம்னா கணக்கு வேற. ஒரு காலேஜ் செமினார் ஹால், நெஞ்சு உயரத்துக்கு மேடைகள், பக்கவாட்டுல நல்ல விளக்கு, யாரும் தூக்கிட்டுப் போகாம பார்த்துக்க ரெண்டு பேர். மொத்தத்தையும் ஏத்திட்டு வர ஒரு டாடா ஏஸ் போதும். எங்க தெருவுல அது தாராளமா திரும்பும், நான் பார்த்திருக்கேன்.