புழுதிக்குள் வளர்ந்த துயரம்

கேரன் ஹெஸ் எழுதி 1997-இல் வெளிவந்த ‘அவுட் ஆஃப் தி டஸ்ட்’ என்ற அமெரிக்க இளையோர் நாவல், முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை புதுக்கவிதைகளால் ஆனது. மறு ஆண்டே அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் உயரிய விருதான நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில் கோதுமை பயிரிடும் குடும்பத்துப் பெண் பில்லி ஜோ. வயது 14. 1934 குளிர்காலம் தொடங்கி 1935 இறுதி வரை அவள் எழுதும் நாட்குறிப்பாகக் கவிதைகள் நகர்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் மாதமும் ஆண்டும் உண்டு.

முதல் உலகப் போரை ஒட்டிக் கோதுமை விலை ஏறியபோது, அந்தப் பகுதியின் புல்வெளிகள் உழுது புரட்டப்பட்டன. 1931 முதல் மழை பொய்த்தது. வேர்கள் பிடித்து வைத்திருந்த மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி வீசிய புழுதிப் புயலைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே வரலாறு குறிக்கிறது. நாவல் இவற்றைப் பாடமாக நடத்துவதில்லை. சாப்பாட்டு மேசையில் புழுதி படியாமலிருக்கத் தட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள்; பரிமாறும் வேளையில்தான் நிமிர்த்துகிறார்கள். பஞ்சத்தின் கனம் முழுவதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

துயரம் ஒரு வாளியில் வருகிறது. அப்பா அடுப்பருகே வைத்துவிட்டுப் போன மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்து, காபி போட ஊற்றுகிறாள் நிறைமாதக் கர்ப்பிணியான அம்மா. தீ எழுகிறது. அம்மா வெளியே ஓடுகிறாள். வீடு எரிந்துவிடுமே என்ற பதற்றத்தில் மகள் எரியும் வாளியைத் தூக்கி வெளியே வீச, அந்த நொடியில் திரும்பி வரும் அம்மாமீது தீ பற்றுகிறது. பிறகு பிரசவத்தில் அம்மாவும் இறக்கிறாள், குழந்தையும் இறக்கிறது. பில்லி ஜோவின் இரு கைகளும் கருகுகின்றன. பியானோ வாசித்த கைகள் அவை. வாசிக்கக் கற்றுத் தந்தவள் அம்மா. 1934-ஆம் ஆண்டின் ‘பாய்ஸ் சிட்டி நியூஸ்’ செய்தித்தாளில் வந்த ஒரு குடும்பத்தின் விபத்துச் செய்திகளே இந்தக் காட்சிக்கு விதை என்று ஹெஸ் கூறியிருக்கிறார்.

இந்த நாவலை உரைநடையில் எழுதியிருந்தால், சிறுமியின் மனநிலையை விளக்கப் பத்தி பத்தியாகச் சொல்ல வேண்டி வந்திருக்கும். குறுகிய அடிகளும் அவற்றைச் சுற்றியுள்ள வெற்றிடமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பேச முடியாதவள் நீளமாகப் பேசுவதில்லை. துக்க வீட்டைச் சுத்தம் செய்ய வந்த பெண்கள் வாளியை வீசியவள் மகள் என்று பேசிக்கொள்கிறார்கள். அதை அங்கே வைத்தவர் யார் என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்த அநீதியை ஆசிரியர் அடிக்கோடிடாமல் விடுகிறார். கவிதை அங்கேயே முடிந்துவிட, மிச்சத்தை வாசிப்பவர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. நாவலின் ஆகச் சிறந்த இடம் இதுவே. ஜாக்குலின் வுட்சனின் ‘லோகோமோஷன்’, குவாமே அலெக்சாண்டரின் ‘தி கிராஸ்ஓவர்’ ஆகிய பிற்காலக் கவிதை நாவல்களும் பெற்றோரையோ தந்தையையோ இழப்பதைத்தான் பேசுகின்றன. ஆனால் இவ்வளவு கசப்பான குற்றவுணர்வு அவற்றில் இல்லை.

அடக்கத்தின்போது குழந்தையின் பெயர் என்ன என்று போதகர் கேட்கிறார். அப்பா வாய் திறப்பதில்லை. ஃபிராங்க்ளின் என்று மகள் சொல்கிறாள், அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டின் பெயரை. குடும்பத்தின் சார்பில் பேச வேண்டிய பொறுப்பு அந்தக் கணத்தில் அவள் தோளில் இறங்குகிறது. அதன்பின் ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள். அம்மா வலியில் துடித்த இரவில், சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துப் போய்க் குடித்த அப்பாவை அவளால் மன்னிக்க முடியவில்லை. தன்னையும் மன்னிக்க முடியவில்லை.

ஒருநாள் இரவில் சரக்கு ரயிலேறி மேற்கே போகிறாள். பெட்டியில் உடன் வரும் ஒருவன், குடும்பத்தைக் கைவிட்டு வந்தவன், அவளுடைய பிஸ்கட்டுகளை எடுத்துக்கொண்டு தன் குடும்பத்தின் புகைப்படத்தை விட்டுச் செல்கிறான். அப்பா எவ்வளவு தவறியிருந்தாலும் விட்டுவிட்டு ஓடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் இறங்கித் திரும்புகிறாள். புழுதி தனக்குள்ளேயே இருப்பதால் அதிலிருந்து தப்பி ஓட வழியில்லை என்று புரிந்துகொண்ட பிறகு, அம்மா இறந்த நாளிலிருந்து முதன்முறையாக அவரை ‘அப்பா’ என்று அழைக்கிறாள். தோலில் பரவும் புள்ளிகளைக் கவனிக்காமல் விட்டிருந்த அவரும் மருத்துவரைப் பார்க்கச் சம்மதிக்கிறார்.

இரவுப் பள்ளியில் அப்பாவுக்குப் பாடம் நடத்திய லூயிஸ் வீட்டுக்கு வருகிறாள். அம்மாவின் இடத்தைப் பிடிக்க அவள் முயல்வதில்லை. மௌனங்களை அப்படியே இருக்கவிடுகிறாள். கோதுமை ஒன்றையே நம்பியிருந்த அப்பா இப்போது வேறு பயிர்களையும் யோசிக்கிறார். நிலத்தில் ஒரு பகுதியை மீண்டும் புல்லுக்கே விடத் தீர்மானிக்கிறார். பில்லி ஜோ தழும்பேறிய விரல்களை நீட்டிப் பழக்கி மறுபடி பியானோ முன் உட்காருகிறாள்.