ஜில்லா போர்டு: மறைந்துபோன ஒரு கிராமப்புற உள்ளாட்சி

ஜில்லா போர்டு (மாவட்டக் கழகம்) என்பது சென்னை மாகாணத்தில் நகராட்சிகளுக்கு வெளியே இருந்த கிராமப்புறங்களை மாவட்ட அளவில் நிர்வகித்த உள்ளாட்சி அமைப்பு ஆகும். 1884 முதல் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இது செயல்பட்டது. சாலைகள், பள்ளிகள், மருந்தகங்கள், கிணறுகள், சந்தைகள், சத்திரங்கள் ஆகியவை இதன் பொறுப்பில் இருந்தன. "போர்டு ஸ்கூல்", "போர்டு ரோடு" என்று முதியவர்கள் இன்றும் சொல்வது இந்த அமைப்பின் எச்சமே. இக்கட்டுரை ஜில்லா போர்டின் பொது வரலாற்றையும், இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்கள் அதன் கீழ் இருந்து பின்னர் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வந்த வகையையும் விளக்குகிறது.

தோற்றம்

கிராமங்களின் பொதுப்பணிகளுக்கென்று தனியாக வரி திரட்டும் முறை சென்னை மாகாணத்தில் 1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்தால் உருவானது. நிலத்தின் மதிப்பைக் கணக்கிட்டு நிலத்தீர்வையுடன் சேர்த்து ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டது. அத்தொகை சாலை, கல்வி, சுகாதாரம் ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்டது. ஆனால் செலவைத் தீர்மானித்தவர்கள் அரசு அதிகாரிகளே.

1882 மே 18-இல் வைசிராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்நிலையை மாற்ற முயன்றது. உள்ளாட்சி என்பது நிர்வாக வசதிக்காக மட்டும் அன்று, மக்களுக்கு அரசியல் பயிற்சி தருவதற்காகவும் வேண்டும் என்பது அதன் கருத்து. அதைத் தொடர்ந்து 1884-இல் சென்னை உள்ளூர்க் கழகங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் மூன்று அடுக்குகளை ஏற்படுத்தியது.

1. மாவட்ட அளவில் ஜில்லா போர்டு. இதன் தலைவர் மாவட்ட ஆட்சியர்.
2. அதற்குக் கீழே தாலுகா போர்டு. இதன் தலைவர் பெரும்பாலும் வருவாய்க் கோட்ட அதிகாரி.
3. பெரிய கிராமங்களில் அல்லது சில கிராமங்கள் சேர்ந்த பகுதியில் யூனியன் பஞ்சாயத்து. இது வீட்டுவரி வசூலித்துத் தெரு விளக்கு, துப்புரவு போன்றவற்றைக் கவனித்தது.

இங்கே "யூனியன்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1884-இன் யூனியன் ஒரு சிற்றூர் அமைப்பு. இன்று நாம் "யூனியன் ஆபீஸ்" என்று சொல்லும் ஊராட்சி ஒன்றியம் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. இரண்டும் வெவ்வேறானவை. பழைய ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் பலர் குழம்பும் இடம் இது.

இராமநாதபுரம் மாவட்டத்தில்

இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் உருவாக்கப்பட்டது. மதுரை மாவட்டத்திலிருந்து இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் பகுதிகளும், திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளும் பிரித்தெடுக்கப்பட்டு இதில் சேர்க்கப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராஜபாளையம் முதல் இராமேஸ்வரம் தீவு வரை ஒரே மாவட்டம். ஒரே ஜில்லா போர்டு. கரிசல் நிலத்துப் பருத்தி விவசாயிக்கும் மன்னார் வளைகுடாவில் வலை வீசுபவருக்கும் சாலையும் பள்ளியும் அமைத்துத் தரவேண்டிய மன்றம் ஒன்றேதான்.

இம்மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நிலத்தின் பெரும்பகுதி ஜமீன் நிலம். சேதுபதிகளின் இராமநாதபுரம் 1803 முதல் நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீனாக இருந்தது. ஏரி, கண்மாய் போன்ற நீர்நிலைகளின் பராமரிப்பு ஜமீனிடம். சாலையும் மருந்தகமும் போர்டிடம். காவலும் நீதியும் அரசிடம். ஒரு கண்மாய்க் கரை உடைந்து அதன் மேல் சென்ற பாதையும் போனால், எவரிடம் முறையிடுவது என்பதே முதற்கேள்வியாக இருக்கும். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இந்த இரட்டை நிலை முடிவுக்கு வந்தது.

இராமேஸ்வரத்துக்குச் செல்லும் யாத்திரைப் பாதையும் மாவட்ட நிர்வாகத்துக்குத் தனிச்சுமை தந்தது. யாத்திரிகர் கூட்டத்தோடு காலராவும் பரவுவது அக்காலத்தில் வழக்கம். எனவே கிணறுகளைத் தூய்மையாக வைத்தல், அம்மை குத்துதல், சத்திரங்களின் சுகாதாரம் ஆகியவை இப்பகுதியில் உயிர்காக்கும் பணிகளாக இருந்தன.

வருவாயும் பணிகளும்

ஜில்லா போர்டின் முக்கிய வருவாய் நிலத்தீர்வையோடு சேர்த்து வசூலான நில வரி. சாலைகளிலும் பாலங்களிலும் சுங்கச் சாவடிகள் அமைத்து வண்டிகளிடம் கட்டணம் பெறப்பட்டது. சந்தைக் குத்தகை, படகுத்துறைக் குத்தகை, அரசு மானியம் ஆகியவையும் சேர்ந்தன.

வறண்ட மாவட்டத்தில் நிலத்தீர்வை குறைவு. ஆகவே போர்டின் கையிருப்பும் குறைவு. காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சாவூர் ஜில்லா போர்டு தனி வரி விதித்துத் தன் பொறுப்பில் இருப்புப்பாதையே அமைத்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையிலான அப்பாதை 1894-இல் திறக்கப்பட்டு, பின்னர் அறந்தாங்கி வரை நீண்டது. ஒரே சட்டம், ஒரே அதிகாரம். ஆனால் நீர் வளம் உள்ள மாவட்டம் ரயில் விட்டது, நீர் வளம் இல்லாத மாவட்டம் கிணறு வெட்டவே திணறியது. உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுப்பது மட்டும் போதாது, வருவாய் ஆதாரமும் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வாக்குரிமையும் தேர்தலும்

தொடக்கத்தில் உறுப்பினர்களில் பலர் அரசால் நியமிக்கப்பட்டவர்கள். 1920-ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர்க் கழகங்கள் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. அதிகாரி அல்லாதவர்கள் தலைவராவதை இயல்பாக்கியது. ஆயினும் வரி செலுத்துவோர்க்கும் சொத்துடையோர்க்குமே வாக்கு இருந்தது. சொந்த நிலமில்லாத மீனவர், கூலி விவசாயி, பனைத் தொழிலாளி ஆகியோருக்குப் போர்டின் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க இடமிருந்தாலும், போர்டைத் தேர்ந்தெடுக்க வாக்கில்லை.

1934-இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டு அவற்றின் பணிகள் ஜில்லா போர்டுகளிடம் ஒப்படைக்கப்பட்டன. செலவு குறைந்தது என்பது உண்மை. ஆனால் கடற்கரை ஊர்க்காரருக்கு நிர்வாகம் ஒரு படி தொலைவுக்குச் சென்றது என்பதும் உண்மை.

ஜில்லா போர்டுகள் அரசியல் தலைவர்களின் பயிற்சிக் களமாகவும் விளங்கின. 1930-களில் காங்கிரஸ் கட்சி இத்தேர்தல்களில் முழுமூச்சாக இறங்கியது. உ. முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூரிலிருந்து இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜாவும் இந்தப் போர்டின் வழியே பொதுவாழ்வில் உயர்ந்தவர். அவர் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். ஒவ்வொரு கிராமத்துக்கும் பஞ்சாயத்து என்ற நோக்குடன் வந்த 1950-ஆம் ஆண்டின் சென்னை கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் அவரது ஆட்சிக்காலத்தில் இயற்றப்பட்டதே.

கலைப்பு

1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, வளர்ச்சித் திட்டங்களை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. விருதுநகரில் பிறந்த, அதாவது அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த, காமராசர் அப்போது முதலமைச்சர். அவரது அரசு 1958-ஆம் ஆண்டின் சென்னை பஞ்சாயத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1960-61-இல் ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாக அமைக்கப்பட்டன. ஜில்லா போர்டுகள் மறைந்தன.

புதிய முறையில் ஒன்றியத்துக்கு உட்பட்ட ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள். தொடக்கப் பள்ளிகள், ஊர்ச் சாலைகள், கிணறுகள் ஆகியவை ஒன்றியத்துக்கு வந்தன. ஊராட்சி வசூலிக்கும் வீட்டுவரிக்கு ஈடாக அரசு மானியம் அளித்தது. பெரிய சாலைகளும் உயர்நிலைப் பள்ளிகளும் காலப்போக்கில் அரசுத் துறைகளின் வசம் சென்றன. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களும் 1981-இல் அரசு ஊழியர்களாயினர்.

இம்மாற்றத்தில் ஊருக்கு ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. அலுவலகம் அருகில் வந்தது, அது ஆதாயம். மாவட்ட அளவில் மக்கள் மன்றம் இல்லாமல் போனது, அது இழப்பு. அந்த இடத்தில் வந்த மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்கு ஆட்சியரே தலைவர், அதன் வேலை ஆலோசனை கூறுவது. 1884-இல் ஆட்சியர் அமர்ந்திருந்த நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் ஆட்சியரிடமே வந்தது. மாவட்ட ஊராட்சி என்ற பெயரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996-இல்தான் அமைந்தது.

புதுமடமும் இன்றைய அமைப்பும்

பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றானது. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்களும் 429 ஊராட்சிகளும் உள்ளன. மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள புதுமடம், மண்டபம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி ஆகும். முன்பு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று பிரிந்திருந்த பொறுப்புகளில் ஒரு பகுதி இப்போது இவ்வூரின் எல்லைக்குள்ளேயே தீர்மானிக்கப்படுகிறது. குடிநீர் வழங்கல், தெரு விளக்கு, துப்புரவு, உட்புறச் சாலை ஆகியவை ஊராட்சியின் பணிகள். ஊராட்சித் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும்.

ஜில்லா போர்டு காலத்தில் இல்லாத ஒன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் இது கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். பெண்களுக்கான இட ஒதுக்கீடு முதலில் மூன்றில் ஒரு பங்காக இருந்து, 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது. பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுக்குக் கொடுத்த விலை சிறிதன்று. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தலை நடத்தவே முடியவில்லை.

நார்வேயுடன் ஓர் ஒப்பீடு

கிராமப்புற உள்ளாட்சி கலைவதும் இணைவதும் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நார்வே நாட்டில் 1837 ஜனவரி 14-ஆம் நாளின் சட்டங்கள் நகரங்களுக்கும் கிராமப்புறங்களுக்கும் தனித்தனி உள்ளாட்சியைத் தந்தன. கிராமப்புற நகராட்சிகள் பெரும்பாலும் தேவாலயப் பங்குகளின் எல்லையை ஒட்டியே அமைந்தன. அதுவரை பாதிரியாரும் அரசு அதிகாரிகளும் நடத்திய காரியங்களை உழவர்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஏற்றது. அங்கும் முதலில் சொத்துடைய ஆண்களுக்கே வாக்கு. எல்லாப் பெண்களுக்கும் உள்ளாட்சி வாக்குரிமை 1910-இல் கிடைத்தது. அதே ஆண்டில்தான் இங்கே இராமநாதபுரம் மாவட்டம் பிறந்தது.

நார்வேயின் மாவட்ட மன்றங்களில் 1960-களின் தொடக்கம் வரை கிராமப்புற நகராட்சித் தலைவர்களே உறுப்பினர்களாக இருந்தனர். ஊராட்சித் தலைவர்கள் கூடி ஒன்றியக் குழுவாக அமர்ந்த நமது 1958-ஆம் ஆண்டு ஏற்பாட்டுடன் இதை ஒப்பிடலாம். 1975-இல் அங்கே மாவட்ட மன்றத்துக்கு நேரடித் தேர்தல் வந்தது.

1950-களில் நார்வேயில் 744 நகராட்சிகள் இருந்தன. சிறிய நகராட்சிகள் பள்ளியும் மருத்துவமும் நடத்த இயலாது என்று கருதி 1960-களில் பெருமளவு இணைப்பு நடந்தது. 2020-இல் எண்ணிக்கை 356. இவ்வாறு மறைந்த சிற்றூர் நகராட்சிகள் பல இன்று பெயரளவிலேயே நினைவுகூரப்படுகின்றன. இணைப்பை ஏற்காமல் போராடிய ஊர்களும் உண்டு. தமிழ்நாட்டிலும் நகரங்களை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளுடன் இணைக்கும் முயற்சிகளுக்கு எதிர்ப்பு எழுவதைக் காண்கிறோம். வரி கூடும், கிராமங்களுக்கு மட்டுமே உரிய ஊரக வேலை உறுதித் திட்டம் போய்விடும் என்பவை மக்கள் கூறும் முக்கியக் காரணங்கள்.

தேர்தல் இல்லாத காலங்கள்

ஓர் உள்ளாட்சி மறைவதற்குச் சட்டம் போட்டுக் கலைப்பது மட்டுமே வழியன்று. தேர்தல் நடத்தாமல் விட்டாலும் போதும். தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-இல்தான் நடந்தது. அடுத்த தேர்தல் 1996-இல். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. ஆயினும் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும், இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன.

தனி அலுவலர் காலத்திலும் குழாயில் தண்ணீர் வரலாம், விளக்கு எரியலாம். ஆனால் வராதபோதும் எரியாதபோதும் ஊரார் தம் வாக்கால் மாற்றக்கூடிய ஒருவர் அந்த இருக்கையில் இல்லை. 1871-இன் உள்ளூர் நிதிச் சட்டம் வரியை வாங்கிக்கொண்டு வாக்கைக் கொடுக்காமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே 1884-இல் ஜில்லா போர்டு முறை தொடங்கப்பட்டது.