நம் பதிவேட்டை நாமே உருவாக்கலாம்: நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் செயலி

போரைக் கடந்து வந்த ஒரு குடும்பத்தின் விபரங்கள் எத்தனை படிவங்களில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முகாமில் ஒரு பதிவு, மீள்குடியேற்றத்துக்கு ஒரு பதிவு, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, வாழ்வாதார உதவிக்கு ஒன்று. காணாமலாக்கப்பட்ட உறவைத் தேடி ஆணைக்குழுக்களிடமும் அலுவலகங்களிடமும் கொடுத்தவை வேறு. இத்தனை பட்டியல்களிலும் நம் பெயர் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒரு பட்டியல்கூட நம் கையில் இல்லை.

கண்டியில் சிறுதொழில் செய்வோருக்கும் சமூகக் குழுக்களுக்கும் கணினி கற்பித்து வரும் எனக்கு இந்த எண்ணம் அடிக்கடி வரும். 1977, 1983 வன்முறைகளின் பின் இந்த மலைகளிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் ஏராளம். போர்க்காலத்தில் அங்கிருந்து இங்கு வந்தவர்களும் உண்டு. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பக்கங்களில் அப்படியானவர்கள் தையல், மசாலாப் பொதியிடல், சிற்றுண்டி என்று சிறுசிறு குழுக்களாக உழைக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு சி.ஆர். கொப்பியிலும் வட்ஸ்அப் உரையாடல்களிலும் சிதறிக் கிடக்கிறது. கொப்பி நனைந்தால் கணக்கும் போகும். கைப்பேசி தொலைந்தால் ஓடரும் போகும். வங்கியில் கடன் கேட்கப் போனால் காட்டுவதற்கு ஒழுங்கான பதிவு இருக்காது.

இதற்கு ஒரு வழியாகத்தான் 'குறைநிரல்' கருவிகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

குறைநிரல் என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் வேலையை நடத்தும் எந்தச் செயலியையும் பிரித்துப் பார்த்தால் நான்கு பகுதிகள் இருக்கும். தகவலைச் சேமிக்கும் அட்டவணை. தகவலைக் கேட்கும் படிவம். 'இது நடந்தால் அடுத்து இதைச் செய்' என்னும் விதி. யார் எதைப் பார்க்கலாம் என்னும் அனுமதி. முன்பு இந்த நான்கையும் நிரலாளர் ஒருவர் வரிவரியாக எழுத வேண்டும். குறைநிரல் கருவியில் இவை ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் பெட்டிகளை இழுத்து வைத்து, பெயரிட்டு, விதிகளைத் தெரிவு செய்தால் போதும்.

'லோ-கோட்' என்ற பெயரை 2014இல் பொரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் பரவலாக்கியது. ஆனால் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. சென்னையிலிருந்து வளர்ந்த சோஹோ நிறுவனம் 'சோஹோ கிரியேட்டர்' கருவியை 2006இலேயே வெளியிட்டுவிட்டது. மைக்ரோசொப்ட்டின் 'பவர் அப்ஸ்', கூகுளின் 'அப்ஷீட்' ஆகியவை இன்று பலர் அறிந்தவை. கள ஆய்வுக்கு 'ஓ.டி.கே.', 'கோபோ டூல்பொக்ஸ்' என்ற திறந்த மூலக் கருவிகள் உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்த தொண்டு நிறுவன ஊழியர் கைப்பேசியில் கேள்விகளை வாசித்துப் பதில்களை அழுத்தியிருந்தால், பெரும்பாலும் இந்த வகைக் கருவி ஒன்றில்தான் உங்கள் விபரம் ஏறியிருக்கும்.

நம் நாட்டில் நடந்தது

இலங்கையிலிருந்தே இரண்டு உதாரணங்கள் சொல்லலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்ற மென்பொருளை இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். அது நிரலாளர்கள் பலர் கூடி இரவுபகலாக எழுதிய மென்பொருள்.

அடுத்தது 2020 ஜனவரி. கொவிட் தொற்று பரவிய நாடுகளிலிருந்து வருவோரை விமான நிலையத்தில் பதிந்து, பின்னர் தொடர்ந்து கண்காணிக்க சுகாதார அமைச்சுக்கு ஓர் ஏற்பாடு உடனடியாகத் தேவைப்பட்டது. புதிதாக எழுத அவகாசம் இல்லை. ஏற்கெனவே நாட்டின் சுகாதாரத் துறையில் பயன்பாட்டில் இருந்த 'டி.எச்.ஐ.எஸ். 2' என்ற திறந்த மூலத் தளத்தின் மேல், 'ஹிஸ்ப் ஸ்ரீலங்கா' குழுவினர் படிவங்களையும் படிநிலைகளையும் அமைத்தார்கள். சில நாட்களிலேயே அது வேலைக்கு வந்தது. அந்த வடிவமைப்பைப் பின்னர் வேறு பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. நோர்வேயின் நகரசபைகளும் தொற்றாளர்களின் தொடர்புகளைக் கண்டறிய அதே தளத்தைப் பயன்படுத்தின.

டி.எச்.ஐ.எஸ். பிறந்த கதையும் நமக்குப் பொருந்தும். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாபிரிக்காவில், இனவாரியாகத் துண்டுபட்டுக் கிடந்த சுகாதாரத் தகவல்களை ஒன்று சேர்க்க 1990களில் அதை ஆரம்பித்தார்கள். பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகம் அதை வளர்த்தது.

ஒன்றைக் கவனியுங்கள். 2020இலும் நிரலாளர்கள் தேவையற்றுப் போகவில்லை. மற்றத் திணைக்களங்களின் தரவோடு இணைப்பது போன்ற வேலைகளுக்கு நிரல் எழுதத்தான் வேண்டியிருந்தது. 'குறை'நிரல் என்பதன் பொருள் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு

பதினைந்து பெண்கள் சேர்ந்து தைக்கும் ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். கடைக்காரர் பாடசாலைச் சீருடைக்கு ஓடர் கொடுக்கிறார். துணி பிரித்துக் கொடுக்கப்படுகிறது. தைத்தவை திரும்பி வருகின்றன. சரிபார்த்து, கடைக்கு அனுப்பி, பணம் வந்ததும் பங்கிட வேண்டும். சச்சரவு வருவது இரண்டு இடங்களில்: 'நான் எத்தனை கொடுத்தேன்', 'எனக்கு எவ்வளவு வரவேண்டும்'.

இதற்கு நான்கு அட்டவணைகள் போதும்: உறுப்பினர், ஓடர், வேலை, கொடுப்பனவு. வேலை அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஓர் உறுப்பினரையும் ஓர் ஓடரையும் சுட்டும். இந்த இணைப்புத்தான் முழுச் செயலியின் முதுகெலும்பு. பிறகு விதிகள். 'துணி கொடுத்தாயிற்று' என்று பதிந்ததும் அந்த உறுப்பினரின் கைப்பேசிக்கு அறிவித்தல் போகட்டும். தைத்தது வந்ததும் தலைவி எண்ணிப் பார்த்து 'ஏற்றேன்' என்று அழுத்தட்டும். அழுத்திய பின்னரே கூலி கணக்கில் ஏறட்டும். ஏழு நாட்களுக்குள் பணம் கொடுபடாவிட்டால் பொருளாளருக்கு நினைவூட்டல் வரட்டும். ஒவ்வொருவரும் தன் கணக்கை மட்டும் பார்க்க, தலைவியும் பொருளாளரும் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி வையுங்கள்.

என் அனுபவத்தில் கருவியைப் பழகச் சில நாட்கள் போதும். ஆனால் 'நம் வேலை எந்த ஒழுங்கில் நடக்கிறது' என்று குழு கூடிப் பேசி முடிவு செய்ய அதைவிட அதிக நேரம் எடுக்கும். அந்த நேரத்தைச் சுருக்காதீர்கள். தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். தாளில் தெளிவில்லாதது திரையில் தெளியாது.

தமிழில் செய்யும்போது

பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். பார்வைக்குத் தமிழ், கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகள். அப்படியே ஏற்றினால் தேடல் வேலை செய்யாது. முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள்.

பெயரை வைத்து ஆளை அடையாளம் காணும்படி செயலியை அமைக்காதீர்கள். ஒரே சிவலிங்கத்தின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருப்பது நமக்குப் புதிதல்ல. அடையாள அட்டை இலக்கம் உதவும். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்; புதியது பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கமும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். பிறந்த திகதியோடு இலக்கம் பொருந்துகிறதா என்று செயலியே பார்க்க ஒரு விதி வைத்தால் தட்டச்சுப் பிழைகள் பல அப்போதே பிடிபடும்.

ஆனால் அந்த இடத்தைக் கட்டாயமாக்காதீர்கள். இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்து இன்னும் எடுக்க முடியாமல் இருப்போர் உண்டு. 'கட்டாயம்' என்ற ஒரு சிறு அடையாளம் அவர்களை வெளியே தள்ளிவிடும். குழுவே ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர் இலக்கம் கொடுப்பது நல்லது. 'கணவர் பெயர்' என்ற இடத்தையும் அப்படியே யோசியுங்கள். கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதற்குப் பதில் தெரியாமல் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் பெண்ணிடம், சீருடைக் கணக்குக்கு அந்தக் கேள்வி எதற்கு?

ஆபத்துகள்

இலகுவாகச் செய்யலாம் என்பதால் இலகுவாகத் திறந்தும் விடலாம். 2021இல் அப்கார்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பவர் அப்ஸ் கொண்டு அமைத்த இணையத்தளங்களிலிருந்து 3 கோடி 80 இலட்சம் பதிவுகள் எவரும் பார்க்கும்படி கிடந்ததைக் கண்டறிந்தது. அவற்றில் தடுப்பூசிப் பதிவுகளும் இருந்தன. யாரும் கதவை உடைக்கவில்லை; அனுமதி அமைப்பைப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். பின்னர் அது தானாகவே பூட்டியிருக்கும்படி மைக்ரோசொப்ட் மாற்றியது.

நமக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. ஒரு பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை 1983இலேயே பார்த்துவிட்டோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சேகரிக்காத தரவு கசியவே முடியாது. முகாம் விபரம், தடுப்பு, புனர்வாழ்வு, காயம் பற்றிய எதுவும் வியாபாரச் செயலிக்குத் தேவையில்லை.

இன்னொன்று, கருவியே மூடப்படலாம். கூகுள் தன் 'அப் மேக்கர்' சேவையை 2021 ஜனவரியில் நிறுத்தியபோது அதில் கட்டிய செயலிகள் எல்லாம் நின்றன. ஆகவே எந்தக் கருவியிலும் முதலில் கேட்க வேண்டியது, 'என் தரவை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா?' என்பதே. மாதம் ஒருமுறை பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

எங்கே தொடங்குவது?

சமிக்ஞை கிடைக்காத தோட்டப் பகுதிகளில் தகவல் சேர்ப்பதானால் ஓ.டி.கே. அல்லது கோபோ நல்லது. இணையம் இல்லாமல் நிரப்பிப் பின்னர் அனுப்பலாம். ஓடர், கணக்கு, நினைவூட்டல் வேண்டுமானால் அப்ஷீட் அல்லது சோஹோ கிரியேட்டர். இலவச எல்லையும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். டொலரில் கட்ட வேண்டிவரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரே ஒரு வேலையை மட்டும் முதலில் மாற்றுங்கள். ஒரு மாதம் கொப்பியும் செயலியும் சேர்ந்தே ஓடட்டும்; இரண்டும் ஒத்துப்போன பிறகு கொப்பியை விடலாம். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. குழுவில் குறைந்தது இருவருக்கு விதிகளை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் குழு வங்கிக்குப் போகும்போது, உதவி கேட்கும் பயனாளியாகப் போக வேண்டியதில்லை. தன் வரவையும் செலவையும் காட்டத் தெரிந்த தொழில் முயற்சியாகப் போகலாம்.