கூட்டு உருவங்களின் பரப்பளவு

கூட்டு உருவம் என்பது முக்கோணம், செவ்வகம், சரிவகம், வட்டம் போன்ற எளிய உருவங்கள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து அமைந்த தள உருவம் ஆகும். இதன் பரப்பளவுக்கெனத் தனிச் சூத்திரம் இல்லை. உருவத்தை எளிய பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டு கூட்ட வேண்டும். நீக்க வேண்டிய பகுதி இருந்தால் கழிக்க வேண்டும். பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது. இடையில் எதுவும் விடுபடக்கூடாது. எல்லா அளவுகளும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

பள்ளியில் 'அளவைகள்' பாடத்தில் வரும் இம்முறையே நில அளவைக்கும் அடிப்படை.

பக்க அளவுகள் மட்டும் போதுமா?

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் போன்ற ஊர்களில் வயல்கள் வாய்க்காலையும் வரப்பையும் ஒட்டி வளைந்து செல்பவை. சரியான செவ்வகமாக இருப்பவை குறைவு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிப் பரப்பு சொல்லும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இதைத் தோராயப் பரப்பு என்றே குறிப்பிட்டார்.

நான்கு பக்கமும் 50 மீட்டர் உள்ள நிலத்திற்கு இவ்வழி 2500 ச.மீ. தரும். நிலம் சதுரமானால் அது சரி. மூலைவிட்டங்கள் 60 மீ., 80 மீ. உள்ள சாய்சதுரமானால் உண்மைப் பரப்பு ½ × 60 × 80 = 2400 ச.மீ. மூலைவிட்டங்கள் 28 மீ., 96 மீ. ஆனால் 1344 ச.மீ. மட்டுமே. மூன்றுக்கும் பக்க அளவுகள் ஒன்றே. செவ்வகம் அல்லாத நாற்கரங்களுக்கு இவ்வழி எப்போதும் கூடுதலாகவே காட்டும். நிலம் வாங்குபவருக்கு அது நட்டம்.

மூலைவிட்ட முறை

தமிழ்நாட்டு நில அளவைத் துறையின் புல வரைபடத்தில் (எப்.எம்.பி.) நிலத்தின் குறுக்கே ஒரு கோடு செல்வதையும், அதிலிருந்து எல்லைக் கற்களுக்குச் செங்குத்துத் தூரங்கள் குறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். அக்கோடுகள் நிலத்தை முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரிக்கின்றன.

எடுத்துக்காட்டு: அ, ஆ, இ, ஈ, உ என ஐந்து கற்கள் உள்ள வயலில் அ–இ மூலைவிட்டம் 80 மீ. ஒரு புறம் ஆ. அதன் செங்குத்துத் தூரம் 40 மீ.; செங்குத்தின் அடி அ-விலிருந்து 30 மீ. மறுபுறம் வாய்க்கால் ஓரமாக உ, ஈ. உ-வின் செங்குத்து அ-விலிருந்து 20 மீட்டரில் 15 மீ.; ஈ-யின் செங்குத்து 60 மீட்டரில் 25 மீ.

1. ஆ பக்க முக்கோணம்: ½ × 80 × 40 = 1600 ச.மீ.
2. உ பக்க முக்கோணம்: ½ × 20 × 15 = 150 ச.மீ.
3. நடுச் சரிவகம்: ½ × (15 + 25) × 40 = 800 ச.மீ.
4. ஈ பக்க முக்கோணம்: ½ × 20 × 25 = 250 ச.மீ.

மொத்தம் 2800 ச.மீ. 1 ஏர் என்பது 100 ச.மீ.; ஆகவே இது 28 ஏர். பட்டாவில் 0 ஹெக்டேர் 28.00 ஏர் என வரும். 1 சென்ட் ஏறக்குறைய 40.47 ச.மீ. என்பதால் சுமார் 69 சென்ட்.

கழித்தல்

வயலுக்குள் 7 மீ. விட்டமுள்ள வட்டக் கிணறு இருந்தால் அதன் பரப்பு 22/7 × 3.5 × 3.5 = 38.5 ச.மீ. பயிரிடக்கூடிய பரப்பு 2800 – 38.5 = 2761.5 ச.மீ. கிணறு மட்டுமே ஏறத்தாழ ஒரு சென்ட்.

கவனிக்க வேண்டியவை

மாணவர்களும் நிலம் அளப்பவர்களும் அடிக்கடி செய்யும் பிழை, சாய்ந்த பக்கத்தை உயரமாக எடுத்துக்கொள்வது. மேலே அ–ஆ வரப்பின் நீளம் 50 மீ. (30, 40, 50 செங்கோண முக்கோணம்). 40-க்குப் பதில் 50 எனப் போட்டால் முதல் முக்கோணம் 2000 ச.மீ. ஆகிவிடும். கூடும் 400 ச.மீ. ஏறத்தாழ 10 சென்ட்.

செங்குத்தைச் சரியாகப் பிடிக்கக் கயிறே போதும். 3, 4, 5 மீட்டர் இடைவெளிகளில் முடிச்சிட்ட கயிற்றை முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் 3-க்கும் 4-க்கும் இடையே செங்கோணம் கிடைக்கும்.

கணக்கு முடிந்ததும் அதே உருவத்தை வேறொரு மூலைவிட்டத்தால் பிரித்து மீண்டும் காண்க. அளந்தது சரியாக இருந்தால் இரு விடைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய இப்பகுதியில் நிலம் விற்கும்போதும், அரசு நிலம் எடுக்கும்போதும், தொகை பரப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. பட்டாவையும் புல வரைபடத்தையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவ்வரைபடத்தைக் கொண்டு குடும்பத்தின் நிலப் பரப்பைத் தானே சரிபார்த்துச் சொல்ல முடியும்.