எல்லைக்கு முந்தைய எல்லை

நுழையும்முன்

பொருள்வயிற் பிரிவைச் சங்க அகப்பாடல்கள் பேசுகின்றன. இன்றும் பொருள் தேடிப் பிரிவோர் உளர். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து கடன்பெற்று அயல்நாட்டு வேலைக்குப் புறப்படும் இளைஞரைப் பெங்களூரு விமான நிலையத்திலேயே விமான நிறுவனம் தடுத்து நிறுத்தக்கூடும். அவ்வுரிமை அதற்கு எவ்வாறு வந்தது? அதன் வரம்பு யாது?

ஏற்றிச் செல்வோர் பொறுப்பு

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களின்மீது சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அன்று பண்டம் பெற்ற முத்திரையை இன்று மனிதரின் கடவுச்சீட்டு பெறுகிறது. அச்சீட்டை முதலில் சோதிப்பவர் விமான நிறுவன ஊழியரே. பயணியின் ஆவணங்களைப் புறப்படும் இடத்திலேயே சரிபார்க்கும் கடமையை, 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு விமான நிறுவனங்களுக்கு விதிக்கிறது. உரிய ஆவணமின்றிப் பயணியரை இந்தியாவிற்கு ஏற்றிவரும் நிறுவனத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதற்கு மாற்றாக வந்த 2025ஆம் ஆண்டுக் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டமும் இப்பொறுப்பைத் தொடர்கிறது.

நுழைவு மறுப்பு

விசா என்பது நுழைவதற்கான உறுதிமொழி அன்று. நுழைவை முடிவு செய்பவர் சென்றடையும் நாட்டின் குடியேற்ற அலுவலரே. பயண நோக்கம், தங்குமிடம், கைப்பணம், திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றை அவர் வினவலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு வந்தவர் எனத் தெரிந்தால் மறுக்கலாம். மறுக்கப்பட்டவரை அழைத்து வந்த நிறுவனமே திரும்பக் கொண்டுசெல்ல வேண்டும். அச்செலவைப் பயணியிடம் அது கோரவும் கூடும்.

தெரிந்து தெளிவோம்

1914ஆம் ஆண்டு மே மாதம் 376 பயணியருடன் கனடாவின் வான்கூவர் துறையை அடைந்த கோமகாட்டாமாரு கப்பல் இரண்டு மாதம் நிறுத்தப்பட்டது. தாய்நாட்டிலிருந்து இடைநில்லாது வரவேண்டும் என்னும் விதி, இந்தியரை விலக்கும் கருவியாயிற்று. மிகச் சிலரே கரையிறங்கினர். இதற்காகக் கனடா 2016இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது.

தொழில் தேடுவோர் அறியவேண்டுவன

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோரின் கடவுச்சீட்டு, பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சார்ந்தது. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலியவற்றிற்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பும் முகவர், அச்சட்டம் தரும் பாதுகாப்பையும் பறித்துவிடுகிறார். பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் இமைகிரேட் என்னும் அரசு இணையத்தளத்தில் உள்ளது. பல நாடுகள் கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்கின்றன.

தடுக்கப்பட்டவர் வீடு திரும்பலாம். வாங்கிய கடன் திரும்பாது. ஆகவே, பணம் கொடுக்கும் முன்னரே விசாவின் வகையையும் காலத்தையும் தாமே படித்தறிதல் கற்றவர் கடமை. கல்லாத உறவினருக்குப் படித்துச் சொல்லுதலும் அவர் கடமையே.